நடுவயதில் தன்னம்பிக்கை: அது எங்கிருந்து வருகிறது?

"இனிமே என்ன சார் இருக்கு, பையனைக் கரையேத்தினாப் போதும்." மும்பையில் மாதுங்காவோ செம்பூரோ டோம்பிவிலியோ, நாற்பத்தைந்தைத் தாண்டிய நம்மாட்கள் நாலு பேர் கூடினால் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். அப்புறம் பேச்சு சர்க்கரை அளவுக்கும் சொசைட்டி ரீடெவலப்மென்ட்டுக்கும் தாவிவிடும்.

இந்த அலுப்புக்குள் இரண்டு புகார்கள் இருக்கின்றன. "இனி புதிதாக ஒன்றை என்னால் செய்ய முடியுமா?" என்பது ஒன்று. "செய்துதான் என்ன ஆகப்போகிறது?" என்பது இன்னொன்று. முதலாவது தன்னம்பிக்கைக் கேள்வி. இரண்டாவது வாழ்க்கைக்கு என்ன பொருள் என்ற கேள்வி. இரண்டையும் உளவியலாளர்கள் தனித்தனியாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதில் அடிப்படையான சில விஷயங்களை இங்கே பார்க்கலாம். என் கட்சியையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம்மில் பலர் வரிசையை மாற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். தைரியம் வரட்டும், அப்புறம் செய்யலாம் என்று காத்திருக்கிறோம். அது பெரும்பாலும் செய்த பிறகுதான் வருகிறது.

இந்தப் பேச்சு எங்கே தொடங்கியது

"நடுவயது நெருக்கடி" என்ற சொல்லைப் பரப்பியவர் எலியட் ஜாக்ஸ் என்ற கனடாக்காரர். லண்டனில் உளப்பகுப்பாய்வு செய்துவந்தவர். ஓவியர், கவிஞர், இசையமைப்பாளர் என்று சுமார் 310 பெரிய கலைஞர்களின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்த்தார். முப்பத்தைந்தை ஒட்டிப் பலருக்கும் ஒரு தடுமாற்றம் வருவதாக அவருக்குப் பட்டது. பாதி தாண்டிவிட்டது, சாவு நமக்கும் உண்டு என்று உறைக்கும் நேரம் அது என்று 1965-இல் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கே வயது 48. அதன் பிறகு இன்னும் 38 ஆண்டுகள் இருந்து, நிறுவனங்கள் எப்படி இயங்குகின்றன என்று எழுதித் தள்ளினார். அவருடைய சொல்லுக்கு அவரே சரியான உதாரணம் இல்லை.

ஜாக்ஸ் பார்த்தது கலைஞர்களை. சாதாரண ஜனங்கள்? அமெரிக்காவில் 1995-இல் மிடஸ் என்ற ஆய்வு தொடங்கியது. 25 முதல் 74 வயது வரை ஏழாயிரம் பேருக்கு மேல் அதில் இருந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரிடம் எலைன் வெத்திங்டன் என்ற சமூகவியலாளர் நேரடியாகவே கேட்டார்: உங்களுக்கு இந்த நெருக்கடி வந்ததா? ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஆமாம் என்றார். என்ன நடந்தது என்று துருவியபோது வேலை போனது, மணமுறிவு, வீட்டில் ஒரு சாவு, ஒரு நோய் என்று வந்தது. எந்த வயதில் வந்தாலும் ஆளைச் சாய்க்கக்கூடிய காரணங்கள்தானே இவை. நாற்பது பிறந்தால் நெருக்கடியும் கூடவே பிறக்கும் என்பது விதி இல்லை.

ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் தள்ளிவிட முடியாது. டேவிட் பிளான்ச்ஃப்ளவர் என்ற பொருளாதார அறிஞர் 132 நாடுகளின் கணக்கெடுப்புகளை ஒன்றுசேர்த்து 2020-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். வாழ்க்கைத் திருப்தி இளமையில் உயரத்தில் தொடங்கி, மெல்ல இறங்கி, 47, 48 வயதில் அடிமட்டம் தொட்டு, மீண்டும் ஏறுகிறது என்பது அதன் முடிவு. இறக்கம் அவ்வளவு பெரிதில்லை, நாட்டுக்கு நாடு மாறுகிறது, சில இடங்களில் தென்படவே இல்லை என்று மறுப்பவர்களும் இருக்கிறார்கள். 2012-இல் வேறொரு குழு, மிருகக்காட்சி சாலைகளிலும் சரணாலயங்களிலும் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட சிம்பன்சி, ஒராங்குட்டான்களைப் பற்றி அவற்றைப் பராமரிப்பவர்களிடம் விசாரித்தது. அங்கேயும் நடுவயதில் ஒரு பள்ளம். ஈஎம்ஐ கட்டாத ஜீவனுக்கும் வருகிறது என்றால், எல்லாப் பழியையும் வங்கி மேல் போட முடியாது போலிருக்கிறது.

ஏன் இறங்குகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் ஹானஸ் ஷ்வாண்ட் என்பவருடையது. ஜெர்மனியில் ஆயிரக்கணக்கானவர்களிடம் ஆண்டுதோறும் இரண்டு கேள்விகள் கேட்டுவந்தார்கள்: இப்போது உங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி? ஐந்து ஆண்டுகள் கழித்து எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்கள் சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் ஷ்வாண்ட். இளைஞர்கள் அதிகமாக எதிர்பார்த்து ஏமாந்தார்கள். வயதானவர்கள் குறைவாக எதிர்பார்த்து, நினைத்ததைவிட நன்றாக இருந்தார்கள். நடுவயதுக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில்: பழைய ஏமாற்றங்களெல்லாம் சேர்ந்துவிட்டன, எதிர்பார்ப்பு இப்போதுதான் சரிந்துகொண்டிருக்கிறது.

மும்பைத் தமிழனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டுமா என்ன. தொண்ணூறுகளில் தாதரில் வந்து இறங்கி, சயனிலோ ஆன்டாப் ஹில்லிலோ சித்தப்பா வீட்டு ஹாலில் படுத்து, டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் வைத்து ஒரு வேலை பிடித்து, டோம்பிவிலியில் ஒன் பிஹெச்கே வாங்கியவர் இன்று ஐம்பதை நெருங்குகிறார். அன்று ஆசைப்பட்டதில் முக்கால்வாசி கையில் இருக்கிறது. ஆனால் வீடு வந்துவிட்டால் மனசு நிறைந்துவிடும் என்றும் அன்று நினைத்திருந்தார். வீடு வந்தது. நிறையவில்லை. அந்த இடைவெளியைத்தான் "என்னமோ மாதிரி இருக்கு" என்கிறார்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. தன்மதிப்பு வயதோடு எப்படி மாறுகிறது என்று உல்ரிச் ஓர்த்தும் அவர் சகாக்களும் 331 ஆய்வுக் குழுக்களின் தரவுகளைத் தொகுத்து 2018-இல் எழுதினார்கள். சராசரியாகப் பார்த்தால் அது இளமையிலிருந்து ஏறிக்கொண்டே போய், அறுபதை ஒட்டித்தான் உச்சத்துக்கு வருகிறது. திருப்தி அடியில் கிடக்கும் அதே ஆண்டுகளில் தன்மதிப்பு ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள், ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணிக்கக் கூடாது.

பாம்பும் சவுண்ட் பாக்ஸும்

அப்படியானால் நாற்பத்தெட்டு வயதில் ஒரு புதிய வேலைக்கு விண்ணப்பம் போடக் கை வராதது ஏன்? இதற்கு ஆல்பர்ட் பந்துராவிடம் போக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர். 1977-இல் அவர் முன்வைத்த கருத்தைச் சுருக்கினால் இதுதான்: பொதுவாக "நான் பெரிய ஆள்" என்று நினைப்பது வேறு, "இந்தக் குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்துமுடிக்க முடியும்" என்று கணிப்பது வேறு. ஒருவர் ஒரு காரியத்தில் இறங்குவாரா, இடையில் தடங்கல் வந்தால் தாக்குப்பிடிப்பாரா என்பதைத் தீர்மானிப்பது இரண்டாவது. அது காரியத்துக்குக் காரியம் மாறும். கல்யாணத்தில் இருநூறு இலைக்குச் சமையல்காரரை விரட்டி வேலை வாங்கும் பெண்மணி, வங்கி மேலாளர் முன்னால் வாயடைத்து நிற்பார். அவருக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். வங்கியில் இல்லை, அவ்வளவுதான்.

பாம்பைக் கண்டு நடுங்குபவர்களை வைத்து பந்துரா நிறையப் பரிசோதனைகள் செய்தார். முதலில் கண்ணாடி வழியாகப் பார்ப்பது, இன்னொருவர் பாம்பைக் கையாள்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, கையுறை போட்டுத் தொடுவது, கடைசியில் வெறுங்கையால் பிடிப்பது. வேடிக்கை மட்டும் பார்த்தவர்களைவிட, படிப்படியாகத் தாங்களே தொட்டுப் பிடித்தவர்களுக்குத்தான் பயம் அதிகமாகத் தெளிந்தது. இந்த நம்பிக்கை நான்கு வழிகளில் வரும் என்று பந்துரா வகுத்தார். அவற்றில் வலுவானது, நாமே செய்து ஜெயித்த அனுபவம்.

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு மாமி; வயது ஐம்பத்துமூன்று. பணம், பாஸ்வேர்டு, ஆன்லைன் சமாசாரம் எல்லாம் மாமாவின் இலாகா. மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி, சில நாள் போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாதுங்கா மார்க்கெட்டில் வாழைப்பூவும் முருங்கைக்காயும் அறுபது ரூபாய். கடைக்காரர் உத்தரப் பிரதேசத்துக்காரர், ஆனால் "மாமி, ஜீபே பண்ணுங்க" என்று தமிழில் சொல்லக்கூடியவர். மாமி ஓரமாகப் போய் நின்று, பையைத் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஸ்கேன் ஆயிற்று. பின் நம்பர் போடும்போது யாரும் பார்த்துவிடாமல் முந்தானையால் போனை மூடிக்கொண்டதில் அவருக்கே எண்கள் தெரியவில்லை. இரண்டாவது தடவை போட்டார். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது; அறுபது ரூபாய்க்கு பதில் ஆறாயிரம் போய்விட்டதோ என்று முகம் வெளுத்துவிட்டது. அதற்குள் தராசு பக்கத்திலிருந்த சவுண்ட் பாக்ஸ் "சாட் ருபயே ப்ராப்த் ஹுவே", அறுபது ரூபாய் வந்துவிட்டது என்று இந்தியில் கத்தியது. கடைக்காரர் தலையைக்கூடத் தூக்கவில்லை, அடுத்த ஆளுக்குக் கொத்தமல்லி கட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அலட்சியத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். யாரும் கைதட்டவில்லை, மாமி செய்தது சரி என்று பெட்டி மட்டும் சொன்னது. பந்துரா சொல்லும் அனுபவத்துக்குத் தேவையானதும் இவ்வளவுதான்: கொஞ்சம் சிரமம் இருக்க வேண்டும், முடித்தோம் என்பது உடனே தெரிய வேண்டும், முடித்தது நாம்தான் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது. ரொம்பச் சுலபமாக முடிந்தது எதையும் கற்றுத்தருவதில்லை. பையன் பக்கத்தில் நின்று "இங்க அமுக்கும்மா, இங்க அமுக்கு" என்று சொல்லிச் செய்த காரியமும் நம் கணக்கில் ஏறாது. அம்மாவுக்கு உதவுகிறோம் என்று போனைப் பிடுங்கித் தாமே செய்துகொடுக்கும் பிள்ளைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இரண்டாவது வழி, நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. "நம்மைப் போன்ற" என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கோடீஸ்வரர் கதைகளும் எழுபது வயதில் மராத்தான் ஓடியவர் செய்தியும் கேட்க நன்றாக இருக்கும், மறுநாள் காலை நம்மை நகர்த்தாது. 2017-இல் மத்திய ரயில்வேயின் மாதுங்கா ஸ்டேஷன் முழுக்கப் பெண் ஊழியர்கள் பொறுப்பில் விடப்பட்டது. புறநகர் ரயில் நிலையங்களில் அதுதான் முதல். டிக்கெட் கவுண்டரிலும் பிளாட்பாரத்திலும் தன்னைப் போலவே ஒரு பெண்ணை தினமும் பார்ப்பது, மேடையில் பேசும் சாதனைப் பெண்மணியைப் பார்ப்பதைவிட ஒருத்தியின் மனக்கணக்கை அதிகம் மாற்றும் என்பதுதான் இந்தக் கோட்பாடு சொல்வது.

மூன்றாவது வழி, பிறர் சொல்லும் வார்த்தை. "உன்னால முடியும்" என்று காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் சூரியோதயப் படங்கள் இந்த ரகம். இருப்பதில் பலவீனமான வழிகளில் ஒன்று. ஆனால் எதிர்த்திசையில் இது பயங்கர வேகமாக வேலை செய்யும். ஒருவர் நம்பிக்கையை வார்த்தையால் ஏற்றுவதைவிட வார்த்தையால் இறக்குவது சுலபம் என்று பந்துராவே சொல்லியிருக்கிறார். "இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல் சொன்னால் போதும், ஆறு மாதமாக எடுத்துக்கொண்ட முயற்சி படுத்துவிடும்.

நான்காவது, உடம்பு. நெஞ்சு படபடத்தால், தூக்கம் கெட்டால், மூளை அதைப் பயம் என்று வாசிக்கிறது. நடுவயதில் இது பெரிய குளறுபடி செய்யும். இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் சராசரி வயது 46, 47 வாக்கில். அதற்கு முந்தைய சில ஆண்டுகளிலேயே தூக்கம் கலைவது, திடீரென்று சூடேறி வியர்த்துக் கொட்டுவது, காரணமில்லாத எரிச்சல் எல்லாம் ஆரம்பித்துவிடும். குர்லா வரும்போது லேடீஸ் கம்பார்ட்மென்ட் நெரிசலில் வியர்வை வெள்ளமாக ஊற்ற, "ஐயோ, எனக்கு இப்போதெல்லாம் கூட்டமே ஒத்துக்கல, தனியாப் போகவே பயமா இருக்கு" என்று முடிவுகட்டும் பெண்கள் உண்டு. அது ஹார்மோன். தைராய்டு குறைபாடும் சோர்வையும் மந்தத்தையும் கொண்டுவரும். பி12 குறைபாடும் அப்படித்தான், சைவச் சாப்பாட்டுக்காரர்களிடம் அது சகஜம். தன்னம்பிக்கை வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது மலிவு.

இந்த நான்கில் முதல் வழி ஓர் ஆளிடம் எப்படி வேலை செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. லண்டனில் பாரிஸ்டர் படித்து வந்த ஓர் இளைஞர், இருபதுகளின் தொடக்கத்தில், பம்பாய் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் தன் முதல் வழக்குக்காக எழுந்து நின்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, ஒரு கேள்வி வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். முப்பது ரூபாய் ஃபீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளியேறினார். அவர் பெயர் மோகன்தாஸ் காந்தி. பிறகு தென்னாப்பிரிக்கா. பிரிட்டோரியாவில் இந்திய வியாபாரிகள் சிலர் கூடிய கூட்டத்தில், வியாபாரத்தில் உண்மை பேசுவது பற்றிப் பேசினார். தன் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். அப்புறம் மனு எழுதுவது, கையெழுத்து வாங்குவது, கணக்கு வைப்பது, தமிழ் ஒப்பந்தக் கூலிகளின் வழக்கை எடுப்பது என்று ஒன்றன் மேல் ஒன்று. 1915 ஜனவரி 9 அன்று அதே பம்பாயின் அப்பல்லோ பந்தரில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 45. கோர்ட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டதற்கும் அப்பல்லோ பந்தருக்கும் நடுவில் இருந்தது சின்னச் சின்ன வேலைகள்தான்.

ஐம்பதில் வளையுமா

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்று நாமே ஒரு பழமொழியை வைத்துக்கொண்டு அதற்குள் படுத்துத் தூங்குகிறோம். வார்னர் ஷாயி என்பவர் 1956-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஆரம்பித்த நெடுங்கால ஆய்வு, ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பப் பல பத்தாண்டுகள் சோதித்தது. வேகமாகப் பார்த்துப் பிடிக்கும் திறன் இளமையிலிருந்தே குறையத் தொடங்குகிறது, உண்மை. ஆனால் சொல்வளம், காரணகாரியம் பார்த்து முடிவெடுப்பது, இடத்தையும் வடிவத்தையும் மனதில் திருப்பிப் பார்ப்பது போன்றவை பலருக்கு நடுவயதில்தான் உச்சத்தில் இருந்தன. புதிய ஆப் ஒன்றைப் பழக இருபத்திரண்டு வயதுப் பெண்ணைவிட நமக்குக் கூடுதல் நேரம் ஆகும். அவ்வளவு நேரத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

எதற்காக என்ற கேள்வி

தன்னம்பிக்கை பற்றி இவ்வளவு தெரிந்தும் ஒருவர் அசையாமல் இருக்கலாம், ஏனென்றால் செய்வதற்கு ஒரு காரணம் வேண்டுமே. இதில் எரிக் எரிக்சன் என்ற உளவியலாளரைத்தான் நான் நம்புகிறேன். மனித வாழ்க்கையை எட்டுக் கட்டங்களாகப் பிரித்து 1950-இல் எழுதியவர். ஏழாவது கட்டம் நடுவயது. அந்த வயதில் மனிதனுக்கு ஆழமாகத் தேவைப்படுவது, அடுத்து வருகிறவர்களை உருவாக்குவதில், வழிகாட்டுவதில், தாங்குவதில் ஒரு பங்கு என்றார். அது இல்லாவிட்டால் தேக்கம்: தன் உடம்பு, தன் சௌகரியம், தன் குறை என்று தன்னையே சுற்றிவருவது. பின்னாளில் எரிக்சன் ஒரு முழு நூலே காந்தியைப் பற்றி எழுதினார். அவர் மையமாக எடுத்துக்கொண்டது 1918 அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் போராட்டம். காந்திக்கு அப்போது 48, மேலே சொன்ன பள்ளத்தின் அதே வயது. நூலுக்கு 1970-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

பெற்ற பிள்ளையை ஆளாக்குவது இதில் ஒரு பகுதிதான். நம் வீடுகளில் அதுவே முழுசாகிவிடுகிறது, அதனால் பையன் டொரன்டோவுக்கோ பெங்களூருக்கோ போனதும் வீடு காலியானதுபோல் மனுஷியும் காலியாகிவிடுகிறார். கற்றுக்கொடுப்பது, ஒரு கைப்பக்குவத்தைக் கைமாற்றுவது, ஒரு அமைப்பைக் கட்டி நிறுத்துவது எல்லாமே எரிக்சன் கணக்கில் வரும். நமக்கு முன்னால் இங்கே வந்தவர்கள் அப்படித்தான் 1932-இல் மாதுங்காவில் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கினார்கள், 1952-இல் சண்முகானந்தா சபாவைத் தொடங்கினார்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு, பிறத்தியார் குழந்தைகள் படிக்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரு இடம் வேண்டும் என்று நினைத்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர்.

அவ்வளவு பெரிதாக எல்லாம் இருக்க வேண்டாம். பீகேசியில், அதாவது பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில், ஓர் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவர் ஒருவர், ஐம்பதைத் தொடப்போகிறார். கீழே உள்ள பையன்கள் மென்பொருளில் பறக்கிறார்கள், அவருடைய மேலதிகாரிக்கு வயது முப்பத்திரண்டு. இருபத்தைந்து வருஷமாகப் படிவம் நிரப்பியதைத் தவிர என்ன கிழித்தேன் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தாராவியில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து இட்லி அவித்து, சைக்கிளில் வைத்து ஊர் முழுக்க விற்பவர்கள் நம் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் எத்தனையோ பேர். சொந்தக்காரர் ஒருவருக்காக உணவு வியாபாரத்துக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு போட்டுக்கொடுக்கப் போன இடத்தில், பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்து நின்றார். ஆதாரில் அப்பா பெயர் முன்னால், பான் கார்டில் பின்னால், பாஸ்புக்கில் வெறும் இனிஷியல். சர்நேம் கேட்கும் படிவங்களில் தமிழன் படும் இந்தப் பாட்டை கணக்குக்காரர் தன் விஷயத்திலேயே பட்டுத் தேறியிருந்தார். எந்த அட்டையை முதலில் திருத்த வேண்டும், எதற்கு அஃபிடவிட் வேண்டும், எதற்கு வேண்டாம் என்பது அவருக்கு மனப்பாடம். இப்போது ஞாயிறுகளில் 90 ஃபீட் ரோட்டில் ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்காருகிறார். இட்லிக்காரர்கள் கவர் கவராகக் கொண்டுவருகிறார்கள். அலுவலகத்தில் யாரும் மதிக்காத அந்தத் திறமை இங்கே ஒருவருடைய கடனுக்கும் உரிமத்துக்கும் வழி திறக்கிறது. ஆள் மாறிவிட்டார் என்று சொல்லமாட்டேன், திங்கட்கிழமை புலம்பல் இன்னும் இருக்கிறது. ஆனால் "என்ன கிழித்தேன்" என்பது நின்றிருக்கிறது.

ஆரம்பத்தில் பிரித்த இரண்டு புகார்களும் சேரும் இடம் இது. யாருக்கோ நிஜமாகத் தேவைப்படும்போது, "எனக்கு இது வருமா" என்ற கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை. இறங்கிவிடுகிறோம். இறங்கிச் செய்ததால் பந்துரா சொன்ன நம்பிக்கை சேர்கிறது.

இதற்கு ஒரு இருண்ட பக்கமும் உண்டு, அது நம் சமூகத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. வழிகாட்டுகிறேன் என்று அதட்டுவது. மருமகள் சாம்பாரிலும் சபா கமிட்டித் தேர்தலிலும் "எனக்கு முப்பது வருஷ அனுபவம்" என்று நிற்பவர்களுக்கு அடுத்த தலைமுறையின் மேல் அக்கறை இருக்கிறதா, நாற்காலி மேல் அக்கறையா என்று எனக்கு அடிக்கடி சந்தேகம் வரும்.

இன்னொரு பெயரையும் சொல்லாமல் விட முடியாது. நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்பிழைத்த வியன்னா மருத்துவர் விக்டர் ஃபிராங்கல், வாழ்க்கைக்குப் பொருள் கிடைக்க மூன்று வழிகள் உண்டு என்றார்: ஒன்றைப் படைப்பது அல்லது செய்வது, ஒன்றை அல்லது ஒருவரை ஆழமாக அனுபவிப்பது, தவிர்க்கவே முடியாத துன்பத்தை எப்படி எதிர்கொள்கிறோம் என்பது. மறதி நோய் வந்த அம்மாவை ஒன் பிஹெச்கேயில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சேவை செய்யப் போங்கள் என்று யோசனை சொல்வது அபத்தம். அவர் செய்துகொண்டிருப்பதே மூன்றாவது வழிதான். அவருக்குத் தேவை இரண்டு மணி நேரம் மாற்றிவிட ஒரு ஆள்.

எங்கே தொடங்குவது

நேரம் எங்கே என்பீர்கள், நியாயம்தான். ஒரு பக்கம் பிளஸ் டூ பையனின் கோச்சிங் ஃபீஸ், இன்னொரு பக்கம் ஊரில் அப்பாவுக்கு ஆஸ்பத்திரி என்று காலையில் தத்காலுக்கு உட்காரும் வயது இது. 1981-இலேயே டாரதி மில்லர் என்ற சமூகப் பணியாளர் இவர்களுக்கு சாண்ட்விச் தலைமுறை என்று பெயர் வைத்துவிட்டார். அதனால் பெரிய திட்டம் போடாதீர்கள். வேலையை விட்டுவிட்டு ஊரில் இயற்கை விவசாயம், மாதுங்காவில் மெஸ் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு முதலில் அவர்களுடைய ஈஎம்ஐதான் ஞாபகம் வருகிறது. பொருள் தேடுவதற்கு ராஜினாமா தேவையில்லை.

உங்களுக்குச் சாதாரணமாகப் போய்விட்ட, மற்றவர்களுக்குக் கஷ்டமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மராத்தி படிவம் படிக்கத் தெரிவது, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு, ரவிக்கை தைப்பது, லோக்கலில் முதல்முறை வருபவருக்கு எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று சொல்லத் தெரிவது, எதுவானாலும். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம், ஒரு குறிப்பிட்ட ஆள். "யாருக்காவது உதவலாம்" என்று பொதுவாக நினைப்பது நடக்காது. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் பாடம் சொல்லித்தர ஆள் கிடைப்பது எப்போதுமே கஷ்டம். உங்கள் பேட்டையில் கேட்டுப் பாருங்கள். கூடவே, உங்களுக்குப் பயமான ஒரு காரியத்தையும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: தனியாக வங்கிக்குப் போவது, ஸ்கூட்டர், கூட்டத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்பது. அதைத் துண்டு துண்டாக உடைத்து, பாம்புக்குப் பயந்தவர்கள் செய்ததுபோல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஆரம்பியுங்கள். வீட்டில் கேலி செய்பவர் இருந்தால் கொஞ்ச நாள் அவருக்குச் சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் சாதாரண மனத்தளர்ச்சிக்கு. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் இருண்டே கிடந்தால், பிடித்தது எதிலும் ருசி இல்லாவிட்டால், தூக்கமும் பசியும் போய்விட்டால், செத்தால் தேவலை என்ற நினைப்பு வந்தால், அல்லது வீட்டில் ஆண்பிள்ளை ஒருவர் பேச்சைக் குறைத்துக் குடியைக் கூட்டிக்கொண்டே போனால், அது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. இலவசம், இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

மற்றவர்களுக்கு, முன்னேற்றம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். "எனக்குத் தைரியம் வந்துவிட்டதா" என்று மனதைக் கேட்காதீர்கள், அது நாளுக்கொரு பதில் சொல்லும். மூன்று மாதம் முன்பு யாரையாவது துணைக்குக் கூப்பிட்டுச் செய்த காரியங்களில் எதையெல்லாம் இப்போது தனியாகச் செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்களைத் துணைக்குக் கூப்பிடுபவர்கள் யார் யார் என்றும் எண்ணுங்கள். இரண்டில் ஏதாவது ஒன்று கூடியிருந்தால், செய்துகொண்டிருப்பதை மாற்ற வேண்டியதில்லை.